தொட்டி மீனும் கருணைக் கொலையும்

வீட்டுக் கூடத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டியில் நேற்றுவரை துள்ளித் திரிந்த தங்கமீன் ஒன்று, இன்று வயிறு மேலாகப் புரண்டு நீர்ப்பரப்பில் மிதந்துகொண்டு, தலையைத் தாழ்த்த முயன்று முயன்று தோற்பதைக் காண்கிற குடும்பத்தார் அடைகின்ற மனக்கலக்கம், உலகத்தின் பெருந்துன்பங்களோடு ஒப்பவைத்து எண்ணுகையில் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஜீவனுக்கு அவர்களைத் தவிர வேறு நாதியில்லை என்பதையும், அது குடியிருக்கும் நீரும் உண்ணும் இரையும் சுவாசிக்கும் பிராணவாயுவும் அவர்கள் கையாலேயே அளந்து கொடுக்கப்படுகின்றன என்பதையும் சிந்திக்கிற எவரும் அந்தக் கலக்கத்தை அற்பமென்று ஒதுக்கமாட்டார். ஆற்றிலோ குளத்திலோ இருந்திருந்தால், நோயுற்று வேகம் குன்றிய மீனைக் கொக்கோ நாரையோ பெரிய மீனோ வெகு விரைவில் கொத்திச் சென்றிருக்கும். தொட்டிக்குள் அந்த முடிவு வருவதில்லை. பகைவரையெல்லாம் நாமே வெளியில் நிறுத்திவிட்டோம். ஆகவே நோயின் இறுதி நாட்களும் அங்கே நீண்டுவிடுகின்றன. அந்த நீட்சிக்குப் பொறுப்பாளிகள் நாமே.

இந்நிலையில் மனிதர் செய்வது பலவிதம். இயற்கையாகவே போகட்டும் என்று தொட்டி விளக்கை அணைத்துவிட்டு நகர்ந்துவிடுபவர் உண்டு. கழிப்பறைக் கோப்பையில் இட்டு நீரைத் திறந்துவிடுபவர் உண்டு. நீரோடு ஒரு பையில் கட்டி ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்துவிட்டு, அது உறக்கத்திலேயே அடங்கிவிடும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்பவரும் உண்டு. இவர்களில் எவரையும் கொடியவர் என்று நான் சொல்லத் துணியேன். ஆயினும் இச்செயல்கள் அனைத்தும் காண்பவருடைய வேதனையைத் தீர்க்கும் உபாயங்களே என்பதும், மீனுடைய வேதனை இவற்றால் தீர்வதில்லை, பலசமயம் மிகுதியும் ஆகிறது என்பதும் என் துணிபு. கொல்லலாமா கூடாதா என்று வாதிப்பதற்கு முன்பாகவே, அங்கே எவருடைய துன்பம் தீர்க்கப்படுகிறது என்ற கேள்வி நம்மை மறித்து நிற்கிறது. ஊனமுற்ற மீன், காயமுற்ற மீன், மாளும் தறுவாயில் உள்ள மீன் ஆகிய மூன்றையும் ஒரே பார்வையில் கலந்துவிடாமல் பிரித்தறிய உதவுவதும் அந்தக் கேள்வியே.

அதை நம் நாட்டில் மிகப் பகிரங்கமாக எழுப்பியவர் காந்தியடிகள். 1928-ஆம் ஆண்டில் சாபர்மதி ஆசிரமத்தில் உடல் குலைந்து கிடந்த கன்று ஒன்று, புரண்டு படுக்கவும் இயலாத அவஸ்தையில் உழன்றது. இயன்ற சிகிச்சைகள் செய்யப்பட்டன. இனி உபாயமில்லை என்று மருத்துவம் அறிந்தவர் கைவிரித்த பின்னர், ஆசிரமவாசிகளோடு கலந்து ஆலோசித்து, அவர்களுள் சிலருடைய எதிர்ப்பையும் கேட்டறிந்து, ஊசி மருந்தினால் அக்கன்றின் உயிரைப் போக்கச் சம்மதித்தார் அடிகள். அஹிம்சையின் தூதர் எனப் போற்றப்பட்டவர் ஒரு பசுங்கன்றைக் கொல்ல இசைந்தார் என்ற செய்தி பரவியதும் மூண்ட கண்டனம் சாமானியமானதன்று. முடமான கால்நடைகளை ஆயுள் முழுவதும் வைத்துக் காக்கும் பிஞ்சராப்போல்களைத் தலைமுறை தலைமுறையாக நடத்திவந்த ஜைனப் பெருமக்கள் நிறைந்த ஆமதாபாதில் அக்கண்டனம் எழுந்தது என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும். அவர் அதற்கு அஞ்சவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் ‘யங் இந்தியா’வில் தம் செயலுக்குரிய நியாயத்தை விரித்து எழுதினார். நோயாளியின் உடலில் கத்தி வைக்கும் வைத்தியன் ஹிம்சை செய்தவன் ஆகாதது போலவே, துன்பத்திலிருந்து விடுவிப்பது ஒன்றையே கருதி, தன்னலம் சிறிதும் கலவாமல், வேறெந்தச் சேவையும் பயன்படாத கட்டத்தில் உயிரைப் போக்குவதும் ஹிம்சை ஆகாது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

அக்கட்டுரையைப் பற்றிப் பேசுவோர் பலர் அதன் பிற்பகுதியை மறந்துவிடுகின்றனர். ஆசிரமத்தின் பயிரையும் கனிகளையும் அழித்துவந்த குரங்குகளை என்செய்வது என்ற பிரச்சினையை அங்கே அவர் எடுத்துக்கொண்டு, அவற்றைக் கொல்ல நேருமாயின் அது கன்றின் விஷயத்தைப் போன்றதன்று என்றும், நம் நன்மைக்காகச் செய்கிற கொலையை அஹிம்சை என்று அழைக்க வழியில்லை என்றும் கூசாமல் எழுதினார். அவருக்குக் கடிதம் எழுதியவர்கள் பலரும் கன்றின் பொருட்டே கொதித்தார்கள். என் நோக்கில், மீன் தொட்டியின் முன் நிற்பவருக்கு அவர் வகுத்த இந்த வேற்றுமையே பெரும் துணை. வளைந்த முதுகெலும்போடு பிறந்த கப்பிக் குஞ்சை விலைபோகாது என்பதற்காகக் கொல்பவரும், செதிலெல்லாம் சிலிர்த்து உடல் வீங்கி உணவொழித்துக் கிடக்கிற கப்பியை அதன் வேதனை தாங்காமல் கொல்பவரும் ஒரே காரியத்தைச் செய்பவர்கள் அல்லர். முன்னவர் செய்வதைக் கருணைக் கொலை என்ற பெயரால் அழைக்கக் கூடாது.

மீனுக்கு வேதனை என்று ஒன்று உண்டா என்று இவ்விடத்தில் ஒருவர் கேட்கக்கூடும். அக்கேள்வி நியாயமானதே, ஏனெனில் விடை இல்லையென்று ஆகுமாயின் மேற்சொன்ன விசாரம் முழுவதும் வீணாகும். அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ரோஸ் 2002-இல் அவ்வாறே வாதிட்டார்: மனிதனுக்கு வேதனை என்ற அனுபவம் பெருமூளையின் மடிப்புகள் மிகுந்த புறணியில் உதிக்கிறது, மீனுக்கு அப்புறணி கிடையாது, ஆகையால் தூண்டிலில் சிக்கித் துள்ளும் மீன் காட்டுவது அனிச்சைச் செயலே அன்றி அனுபவம் அன்று என்பது அவர் கட்சி. அதற்கு அடுத்த ஆண்டிலேயே, ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன், விக்டோரியா பிரெய்த்வெய்ட், மைக்கேல் ஜென்டில் ஆகிய மூவர், வானவில் டிரௌட் மீனின் முகத்திலும் தலையிலும் 58 உணர்வு முனைகளைச் சோதித்து, அவற்றுள் 22 முனைகள் திசுவைச் சிதைக்கும் ஊறுகளை அறிவிக்கும் தன்மை உடையவை என்று கண்டனர். அதோடு அவர்கள் நிற்கவில்லை. தேனீயின் விஷத்தையோ காடியின் அமிலத்தையோ உதட்டில் செலுத்தப்பெற்ற மீன்கள் ஏறத்தாழ மூன்று மணி நேரம் இரையைத் தீண்டவில்லை. ஊறு செய்யப்படாத மீன்களோ அதில் பாதிப் பொழுதுக்குள் உண்ணத் தொடங்கின. அமிலம் பெற்ற மீன்கள் உதட்டைத் தொட்டியின் சரளைக்கற்களில் தேய்த்தன. விஷமும் அமிலமும் பெற்றவை அடித்தளத்தில் கிடந்தபடி பக்கம் பக்கமாக அசைந்தாடின. வலியடக்கும் மார்ஃபின் கொடுக்கப்பட்டபோது இக்குணங்கள் தணிந்தன.

அனிச்சைச் செயல் என்பது கணத்தில் தோன்றிக் கணத்தில் மறைவது. சூடுபட்ட விரலை நாம் உணர்வதற்கு முன்பே இழுத்துக்கொள்வது போல்வது. மூன்று மணி நேரம் உணவை மறுத்தலும், புண்பட்ட இடத்தைத் தேய்த்துக்கொள்ளலும், மருந்தினால் ஆறுதலும் அதற்குள் அடங்குவன அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. ஸ்னெடன் பின்னர் வரிக்குதிரை மீன்களைக்கொண்டு செய்த பரிசோதனை இன்னும் நுட்பமானது. செடியும் கற்களும் உள்ள அறை, ஒன்றுமில்லாத வெற்றறை ஆகிய இரண்டில் முன்னதையே அம்மீன்கள் எப்போதும் விரும்பின. ஆனால் ஊறு செய்யப்பட்ட மீன்கள், வெற்றறையின் நீரில் வலியடக்கும் மருந்து கரைக்கப்பட்டபோது, தாம் விரும்பிய அறையைத் துறந்து வெற்றறைக்குச் சென்றன. தமக்கு இனியதைக் கொடுத்து வலியின்மையைப் பெற்றுக்கொள்வது அது. வேதனை என்ற அனுபவம் உள்ளே இல்லாத ஒன்று அத்தகைய பரிமாற்றத்தைச் செய்யும் என்று நம்புவது கடினம். தங்கமீனின் முன்மூளையில் ஒரு பகுதி அச்சத்தையும் தவிர்த்தலையும் கற்பதற்கும், மற்றொரு பகுதி இடத்தை நினைவில் வைப்பதற்கும் இன்றியமையாதவை என்று ஸ்பெயின் நாட்டு ஸெவில் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் காட்டியதையும் சேர்த்து எண்ணினால், நம்முடைய புறணி இல்லை என்பதனாலேயே உணர்வும் இல்லை என்று முடிவு கட்டுவது எவ்வளவு அவசரமானது என்பது விளங்கும். ஆஸ்திரேலியாவின் பிரையன் கீ முதலிய சிலர் இன்றும் மறுகட்சியை வலுவாக நடத்திவருகிறார்கள். எனினும் நிச்சயம் இல்லாத விஷயத்தில் எந்தப் பக்கம் தவறுவது குறைந்த பாவம் என்று பார்த்தால், வேதனை உண்டென்று கொண்டு நடப்பவன் இழப்பது சிறிது சிரமமே. இல்லையென்று கொண்டு நடப்பவனுடைய தவறுக்கு விலை கொடுப்பதோ, அவன் தொட்டியில் உள்ள மீன்.

வேதனை உண்டு என்பதனால் ஊனமெல்லாம் வேதனை என்று ஆகிவிடாது. இங்கேதான் நல்ல உள்ளம் படைத்தவர்களும் வழி தவறுகிறார்கள். கால் முறிந்த குதிரையைச் சுட்டுவிடும் வழக்கத்தைக் கேள்விப்பட்ட மனம், துடுப்பிழந்த மீனையும் அவ்வாறே கருதிவிடுகிறது. குதிரையின் பெருவுடலை மூன்று கால்கள் நெடுநாள் தாங்கமாட்டா என்பது அவ்வழக்கத்தின் காரணம். மீனையோ நீர் தாங்குகிறது. உடலின் பாரம் என்ற பெருந்தொல்லையே அங்கே இல்லாமையால், கரைவாழ் பிராணிக்கு மரணமாக முடியும் குறைகள் பல மீனுக்கு அசௌகரியமாகவே நின்றுவிடுகின்றன. மெக்சிகோவின் குகை நீர்களில் வாழும் ஒருவகை மீன், தலைமுறைகளின் போக்கில் கண்களையே இழந்துவிட்டு, உடலின் பக்கங்களில் ஓடும் உணர்வுக் கோட்டினால் நீரின் அசைவை அறிந்து, இரை தேடி இனம் பெருக்கிச் செழிக்கிறது. அந்த உணர்வுக் கோடு நம் தொட்டித் தங்கமீனுக்கும் உண்டு. இரு கண்களையும் இழந்த தங்கமீன், தொட்டியின் அமைப்பை மாற்றாமலும், ஒரே இடத்தில் ஒரே வேளையில் உணவிட்டும், போட்டியிடும் துணைகளை விலக்கியும் காக்கப்படுமாயின், பல ஆண்டுகள் வாழ்ந்துவிடும்.

காயத்தைப் பற்றியோ இன்னும் பொறுமை வேண்டும். கிழிந்த துடுப்பு, அடிப்பகுதி சேதமுறாமல் இருந்தால், சுத்தமான நீரில் சில வாரங்களில் வளர்ந்துவிடும். கங்கைச் சமவெளியின் ஓடைகளைத் தாயகமாகக் கொண்ட வரிக்குதிரை மீனின் இதயத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி நீக்கியபோது இரண்டு மாதங்களில் அது மீண்டும் வளர்ந்ததை அமெரிக்க விஞ்ஞானிகள் 2002-இல் வெளியிட்டார்கள். தண்டுவடம் அறுபட்ட பின்னும் அம்மீன் சில வாரங்களில் நீந்தத் தொடங்குகிறது. எல்லா மீனும் இதற்குச் சமம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இத்தகைய குலத்தில் பிறந்த ஒன்றன் காயத்தைக் கண்ட அன்றே மரண தண்டனை விதிப்பது அறியாமையின் விளைவு. இங்கிலாந்தில் 1956-ஆம் ஆண்டு ஒரு கேளிக்கைச் சந்தையில் பரிசாகப் பெறப்பட்ட டிஷ் என்ற தங்கமீன் 1999 வரை, நாற்பத்து மூன்று ஆண்டுகள், உயிர் வாழ்ந்தது. சில மாதங்களில் சாவதுதானே தங்கமீனின் விதி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, நாம் அவற்றை வைத்திருக்கும் முறையினால் வந்த நினைப்பு.

பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிற மீனைக் கண்டதும் முதலிற் சோதிக்கவேண்டியது நீரை, மீனை அன்று. மீனின் கழிவிலும் மிஞ்சிய இரையிலும் அம்மோனியா பிறக்கிறது. நன்மை செய்யும் ஒருசார் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறொருசார் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிதாக அமைத்த தொட்டியில் அந்நுண்ணுயிர்கள் குடியேறிப் பெருகப் பல வாரங்கள் ஆகின்றன. அதற்குள் மீன்களை நிறைய விட்டுவிடும் வீடுகளில், செவுள் எரிந்து மூச்சு வாங்கி அடியில் படுத்துவிடும் மீன், நோயாளியும் அன்று, ஊனமுற்றதும் அன்று, விஷமூட்டப்பட்டது. நீரில் ஒரு பகுதியை மாற்றி, குளோரின் நீக்கி, காற்றைப் பெருக்கினால் பெரும்பாலும் தேறிவிடக்கூடிய அம்மீனைக் கருணையின் பெயரால் கொன்றுவிட்டு, அதே தொட்டியில் அடுத்த வாரம் புது மீனை விடுபவர் எத்தனை பேர்! இதைப்போன்றதே மிதக்கும் தங்கமீனின் கதையும். முட்டை வடிவில் குறுக்கி வளர்க்கப்பட்ட சாதிகளில் குடலும் காற்றுப்பையும் நெருக்குண்டு கிடப்பதாலும், தங்கமீனின் காற்றுப்பை உணவுக்குழலோடு ஒரு நாளத்தால் இணைந்திருப்பதாலும், மலச்சிக்கலோ, மிதக்கும் உணவோடு விழுங்கிய காற்றோகூட அதன் சமநிலையைக் கெடுத்துவிடும். இரண்டொரு நாள் பட்டினியும், பிறகு நீரில் அமிழும் உணவும், தோலுரித்து வேகவைத்த பட்டாணியும் பலவற்றைத் தேற்றியிருக்கின்றன. தேறாதவையும், நீர்மட்டத்தைக் குறைத்து, நீருக்கு வெளியே தெரியும் தோல் உலர்ந்து புண்ணாகாமல் பார்த்துக்கொண்டால், விருப்பத்தோடு உண்டு, ஆளைக் கண்டு அருகில் வந்து, தம் சாய்ந்த வாழ்க்கையை வாழ்ந்துவிடுகின்றன. அந்த மீன் நமக்கு அவலட்சணமாகத் தெரியலாம். அதற்கு நம் கண்ணைப் பற்றிய கவலை கிடையாது.

எனினும் கன்றின் கட்டம் மீனுக்கும் வருகிறது. நன்னீர் மீனின் உடலில் உள்ள உப்பு, சுற்றியுள்ள நீரில் உள்ளதைவிட மிகுதி. ஆகையால் செவுள் வழியே நீர் ஓயாமல் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்க, சிறுநீரகம் அதை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அவ்வுறுப்பு தொற்றினால் அழியுமாயின், புகுந்த நீர் வெளியேற வழியின்றி வயிறு ஊதி, செதில்கள் ஒவ்வொன்றும் உடலை விட்டு நிமிர்ந்து நிற்கும். மனிதருக்கு வரும் மகோதரத்தை ஒத்த இந்த வீக்கம் தோன்றிய தொடக்கத்தில் தனித்தொட்டியும் மருந்தும் சிலசமயம் பயன் தரும். செதில் முழுவதும் சிலிர்த்து, கண் பிதுங்கி, உணவும் ஒழிந்த பின்னர் மீண்டது அபூர்வம். உடல் வற்றி, முதுகு வளைந்து, ஆறாப்புண் தோன்றும் காசம் போன்றதொரு நோயும் மீன்களுக்கு உண்டு; மைக்கோபாக்டீரியம் என்ற கிருமியால் வரும் அது தொட்டியிலுள்ள பிறவற்றுக்குப் பரவுவதோடு, கையில் சிராய்ப்புள்ளவர் தொட்டி நீரில் கைவைக்கும்போது அவருடைய தோலிலும் ஆறாக்கட்டிகளை உண்டாக்கக்கூடியது. இவ்விடத்தில் பிற மீன்களின் நலமும் மனிதரின் நலமும் குறுக்கிடுகின்றன. அவற்றை எண்ணிச் செய்யும் கொலையில் குரங்குகளைப் பற்றிய நியாயமும் சிறிது கலந்துவிடுகிறது என்பதை மறைக்கவேண்டியதில்லை. கலப்பை ஒப்புக்கொண்டு செய்வது, தூய கருணையென்று சாதிப்பதைவிட நேர்மையானது. நிமிர்ந்து நிற்க இயலாமை, தொடர்ந்த உபவாசம், மூச்சுத் திணறல், கையை அருகில் கொண்டுசென்றாலும் விலகாத சோர்வு, சிகிச்சைக்கு இணங்காமல் நாளுக்கு நாள் இவையெல்லாம் மிகுதல் ஆகியவை ஒருங்கே கூடியபோது, காத்திருப்பதும் ஒரு செயலே. அதன் பலனும் காத்திருப்பவரையே சாரும்.

கொல்வதென்று தீர்மானித்தவர் அதை எப்படிச் செய்கிறார் என்பதில்தான் அவருடைய கருணை மெய்யாகிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் தன் வழிகாட்டு நூலில், உயிரோடு கழிப்பறையில் விடுதல், நீரை விட்டு எடுத்து உலரவிடுதல், மயக்கமளிக்காமல் உறைபெட்டியில் மெல்ல உறையச்செய்தல், எரிக்கும் இரசாயனங்களைப் பயன்படுத்துதல் ஆகிய யாவற்றையும் ஏற்கத்தகாதவை என்று விலக்கியிருக்கிறது. இவற்றுள் உறைபெட்டியே நம்மவர்க்கு மிகவும் சாதுவாகத் தோன்றுவது. ஆகையால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தங்கமீன் குளிர்நாட்டு நீர்களைச் சேர்ந்த குலம். பனிப்பாளத்தின் அடியில் பிராணவாயுவே அற்றுப்போன குளத்திலும், உடலில் சேரும் நச்சு அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றி, பல நாட்கள் உயிர் தரிக்கும் அரிய சக்தி அதற்கும் அதன் நெருங்கிய உறவான குரூசியன் கெண்டைக்கும் உண்டு. குளிரையும் மூச்சின்மையையும் வெல்வதற்கென்றே அமைந்த உடலைக் குளிராலும் மூச்சின்மையாலும் கொல்ல முனைவது எத்தகைய நீண்ட மரணம் என்பதை நான் எழுதிக் காட்டவேண்டியதில்லை. வெப்பநாட்டு நீர்களுக்குரிய மிகச் சிறிய மீன்களுக்கு, அதாவது 3.8 சென்டிமீட்டருக்கு மேற்படாத வரிக்குதிரை மீன் போன்றவற்றுக்கு, 2 முதல் 4 டிகிரி வரை குளிர்வித்த நீரில் சட்டென்று இடுவதை அச்சங்கம் ஒப்புக்கொள்கிறது. அங்கே குளிர் கணத்தில் உடல் முழுவதும் பாய்ந்துவிடுவதே காரணம். வேகமாகச் செய்வது ஒன்று, மெல்லச் செய்வது வேறொன்று. சிறு மீனுக்கு ஏற்றது பெரு மீனுக்கு ஏற்றதன்று. இந்த வேற்றுமைகளை அறியாத இரக்கம் ஆபத்தானது.

மயக்க மருந்து கலந்த நீரில் ஆழ்த்துவதே பொதுவில் ஏற்கப்பட்ட முறை. ஆய்வுக்கூடங்களில் டிரிகைன் என்ற மருந்தை அதன் புளிப்புத் தன்மையைச் சமன்செய்து பயன்படுத்துகின்றனர். கிராம்பின் சாரமாகிய யூஜினாலும் இவ்வகையில் பயன்படுவதே. வீட்டில் மீன் வளர்ப்போர் கைக்கொள்ளும் கிராம்புத் தைலத்தில் செயல்படுவது அதுதான். தைலம் நீரில் எளிதிற் கரையாததால், தொட்டி நீரையே ஒரு சிறு கலத்தில் எடுத்துத் தைலத்தோடு நன்றாகக் குலுக்கிப் பால்போலாக்கிச் சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டும்; மீன் முதலில் சாய்ந்து, பின் உணர்விழந்து, பின் செவுளசைவு நிற்கும். அங்கேயே கையெடுத்துவிடக்கூடாது. மீனின் மூளை பிராணவாயுக் குறைவை வெகுநேரம் தாங்க வல்லது. செவுளசைவு நின்றபின்னும் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் அதே நீரில் விட்டுவைக்கவேண்டும். அதன்பின் மீளாமையை உறுதிசெய்ய இரண்டாவது செயல் ஒன்றும் வேண்டும் என்பது மருத்துவர் கொள்கை. மூளை அழிந்த பின்னும் மீனின் இதயம் சிறிது நேரம் துடிப்பது உண்டாகையால், துடிப்பைக் கண்டு உயிரிருப்பதாக மயங்கவும் வேண்டாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், டிரிகைனை ஒருமுறை நுகர்ந்த வரிக்குதிரை மீன்களில் பல, அதற்குமுன் தாம் விரும்பிய பகுதிக்குத் திரும்பிச் செல்ல மறுத்துவிட்டன. கிராம்புத் தைலத்தை நுகர்ந்தவற்றிடம் அவ்வெறுப்பு குறைவாகவே காணப்பட்டது. கொல்லும் மருந்தையும் மீனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள முயன்ற இந்த ஆராய்ச்சியை நான் மனமார மதிக்கிறேன்.

பழகிய கையினால் தலையில் ஒரே அடி அடித்து, உடனே மூளையைச் சிதைத்துவிடுவதையும் மருத்துவர்கள் நிபந்தனையோடு ஏற்கிறார்கள். காண்பதற்கு அது கொடூரம். மீனுக்கோ ஒரு கணம். உறைபெட்டி காண்பதற்குச் சாந்தம், மீனுக்கு நெடும்பொழுது. நம் கண்ணுக்கு மறைவானதை மென்மையென்றும், கண்ணெதிரே நிகழ்வதைக் கொடுமையென்றும் எடைபோடும் பழக்கம் எவ்வளவு வேரூன்றியது என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன. பழகாத கையினர் அடியை நாடாமல் மருந்தை நாடுவதே தக்கது. ஆனால் அந்தத் தேர்வுக்கும் மீனின் நலமே காரணமாக இருக்கட்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல், பிராணிகளுக்குச் செய்யப்படும் கொடுமையைத் தடுக்கத் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்து, நேருவின் வாக்குறுதியின் பேரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதன் பயனாகப் பிறந்தது 1960-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி 1962-இல் சென்னையில் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். மனிதர் அல்லாத எந்த ஜீவராசியும் பிராணியே என்று அச்சட்டம் வரையறுப்பதால் மீனும் அதன் பாதுகாப்புக்குள் அடங்குகிறது. தேவையற்ற கொடுமையான முறையில் பிராணியைக் கொல்வது குற்றம். உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று காணப்படும் பிராணியை அழிக்க நீதிமன்றம் ஆணையிடவும் விதி உண்டு. காவல் அதிகாரியும் கால்நடை மருத்துவரும் வந்து சான்றளிக்கும் ஏற்பாடு, தெருவில் அடிபட்டுக் கிடக்கும் மாட்டை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. கூடத்துத் தொட்டியில் துடிக்கும் மீனுக்கு அது எட்டுவதில்லை. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலும் நாகப்பட்டினத்து மீன்வளப் பல்கலைக்கழகத்திலும் மீனின் நோய்கள் பாடமாகவே கற்பிக்கப்படுகின்றன. அந்த ஞானத்தில் ஒரு துளியேனும், வண்ணமீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற கொளத்தூரில் மீனை வாங்கிச் செல்லும் சிறுவனுடைய பையோடு ஒரு தாளாகச் சென்று சேரவேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

இதுகாறும் கூறியது விபத்தினாலும் நோயினாலும் வந்த ஊனத்தைப் பற்றியது. விலைக்காகவே உண்டாக்கப்படும் ஊனம் வேறு. சீனத்தில் ஸோங் மன்னர் காலத்திலிருந்து தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டுவந்த தங்கமீனிலிருந்து பிற்காலத்தில் பிறந்த சாதிகளுள் குமிழ்க்கண் என்பது ஒன்று: கண்கள் வானை நோக்க, அவற்றின் கீழே நீர் நிறைந்த இரு பெரும் பைகள் தொங்க, முதுகுத் துடுப்பின்றித் தத்தளித்து நீந்தும் அம்மீன், ஒரு கல்லின் முனையோ வடிகுழாயின் இழுப்போ பட்டால் பை கிழிந்து புண்ணாகிவிடும். 1980-களில் தைவானில் இருவேறு சாதிகளைக் கலந்து உண்டாக்கிய பேரட் சிக்லிட் மீனுக்கு வாய் முழுவதும் மூடுவதில்லை. தொண்டைப் பற்களாலேயே அது இரையை நசுக்கியாகவேண்டும். ஓர் ஊனமுற்ற குஞ்சைக் கழித்துக் கட்டுகிற அதே பண்ணையில் வேறோர் ஊனம் பேணி வளர்க்கப்பட்டு அதிக விலைக்குப் போகிறது. எது குறை, எது அழகு என்பதை அங்கே தீர்மானிப்பது மீனின் சுகமோ துக்கமோ அன்று, சந்தை. மரபின் வழியே சந்ததிக்கு வலியும் கேடும் விளையும் என்று எதிர்பார்க்கத்தக்க வகையில் முதுகெலும்புள்ள பிராணிகளை இனவிருத்தி செய்வதை ஜெர்மானியப் பிராணிப் பாதுகாப்புச் சட்டத்தின் 11b பிரிவு தடுக்கிறது. மீனும் முதுகெலும்புள்ள பிராணியே. அத்தகைய விதி நம் நாட்டிலும் இயற்றப்படுமானால், முதலாவதாக அதன் பார்வைக்கு வரவேண்டியது குமிழ்க்கண் தங்கமீன் என்பது என் அபிப்பிராயம். அச்சாதியில் இன்று உயிரோடிருப்பவற்றை ஒன்றுவிடாமல் காப்பாற்றி, கூரிய பொருளற்ற தொட்டிகளில் அவற்றின் ஆயுள் முடியுமட்டும் வைத்திருந்து, இனிமேல் அவற்றிலிருந்து ஒரு முட்டையும் பொரிக்காமல் விட்டுவிடலாம்.